பேட்டரிக்கு ஆறு மைல்

"காலையில ஆறு மணிக்கு வண்டியை எடு. மேலகரம் வழியா குற்றாலம் போயிட்டு வா. யாரையும் ஏத்தக் கூடாது" என்றார் மில் முதலாளி குத்தாலிங்கம்.

டிரைவர் சுடலையாண்டி விழித்தான். "சும்மாவா மொதலாளி?"

"சும்மா இல்லலே. பேட்டரிக்காக."

சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன். தென்காசியில் கார் வைத்திருந்தவர்கள் அதைத் துணி போட்டு மூடிவிட்டு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். குத்தாலிங்கம் மட்டும், சீமைக்குத் திரும்பவிருந்த ஓர் எஸ்டேட் துரையிடம் பழைய பேட்டரி கார் ஒன்றை வாங்கினார். அரிசி மில்லில் ஓடும் டைனமோவிலிருந்து கரண்டு ஏற்றிக்கொண்டால் போதும், கார் ஓடும்.

காரோடு சட்டங்களும் வந்து இறங்கின. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. நிறைந்த பிறகு ஒரு நிமிஷம் கூடுதலாக ஏற்றக் கூடாது. ஓடி வந்த சூட்டோடு கரண்டு கொடுக்கக் கூடாது. மழைத்தண்ணீரைப் பீங்கான் ஜாடியில் பிடித்து, வடிகட்டி, வாரம் ஒரு தடவை பேட்டரிக்கு வார்க்க வேண்டும்.

"எனக்குக் காய்ச்சல் வந்தா சுக்குக் கஷாயம். பேட்டரிக்குத் தும்மல் வந்தா திருநெல்வேலியிலிருந்து ஆளு" என்றாள் அவர் மனைவி கோமதியம்மாள். தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கே அவள் வில்வண்டியில்தான் போனாள்.

தாசில்தார் தம் மாமனாரை அருவிக்கு அழைத்துப்போகக் கார் கேட்டு ஆள் அனுப்பினார். 'பேட்டரி களைத்துக் கிடக்கிறது' என்று பதில் போயிற்று.

இப்போது இந்தப் புதுச் சட்டம்.

"தினமும் ஆறு மைல் ஓடி இறங்கி, திரும்ப ஏறினாத்தான் பேட்டரி உறையாது. குற்றாலத்துல ஒரு மணி நேரம் நிழல்ல ஆறப்போடு. அப்புறம் கிளம்பு" என்றார் குத்தாலிங்கம்.

மறுநாளிலிருந்து காலிக் கார் குற்றாலம் போய் வந்தது. டீக்கடையில் சிரித்தார்கள். "மனுசன் நடக்கான். பேட்டரி காத்து வாங்கப் போகுது."

மூன்றாம் நாள் காலை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. மேலகரம் தாண்டும்போது சாலையோரத்தில் ஓர் அம்மாள் கம்பை ஊன்றி, ஒரு கால் வைத்து, நின்று, மறுகால் வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். சுடலையாண்டிக்குத் தெரிந்துவிட்டது. முத்துவடிவு. குத்தாலிங்கத்தின் கூடப் பிறந்த அக்கா.

பாகப்பிரிவினையில் தம்பி விட்ட ஒரு வார்த்தைக்காகப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவளுக்கு மூட்டு வாதம். குற்றாலத்து வைத்தியர் நாற்பது நாள் எண்ணெய் வைத்தியம் சொல்லியிருந்தார். போன வாரம் கோமதியம்மாள் வில்வண்டி அனுப்பியபோது, "அவன் வண்டியில ஏறுததுக்கு என் காலு ரெண்டும் முறிஞ்சு போகட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சுடலையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. காரை நிறுத்தினான். "ஏறுங்க ஆச்சி."

"ஏலே, அவன் அனுப்பினானா?"

"அவரா? தெரிஞ்சா எனக்கு வேலை போயிரும். காலியாத்தான் போகணும்னு உத்தரவு."

முத்துவடிவு காரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அவனுக்குத் தெரியாது?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்படின்னா ஏறுதேன்."

அன்று தொடங்கி தினமும் ஏறினாள். வைத்தியர் எண்ணெய் தேய்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பேட்டரி மரத்தடியில் ஆறும். திரும்பும்போது பேட்டரி மீட்டரின் முள்ளைக் காட்டிக் கேட்பாள்: "இன்னைக்கு எம்புட்டு இறங்கியிருக்கு?"

"கால்வாசி ஆச்சி."

"நாளைக்கு இன்னுங்கொஞ்சம் பாரமா வாரேன். அவன் பேட்டரி தேயட்டும்."

மூட்டு வீக்கம் வடிந்தது. கம்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். சுடலையாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. தர்மம் செய்கிறவன் தான். பாவம் செய்கிறவர் முதலாளி. டீக்கடையில் சொன்னான்: "கல்லுக்குள்ள ஈரம் இருக்கும்பாங்க. எங்க மொதலாளி அதையும் வடிகட்டி பேட்டரிக்கு ஊத்திருவாரு."

வைத்தியத்தின் இருபத்தெட்டாம் நாள் பேட்டரி திணறியது. மேட்டில் கார் மூச்சு வாங்கியது. திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்து, திராவகத்தை அளந்து பார்த்து, தலையில் கை வைத்தார்.

"தினமும் சும்மா ஓட்டி இறக்கணும்னு யார் சொன்னது? ஏறி இறங்க ஏறி இறங்கத்தான் பேட்டரிக்கு ஆயுசு குறையும். வேலை இல்லேன்னா நிறைச்சு வச்சு, மாசம் ஒரு தடவை கொஞ்சம் ஏத்தினா போதுமே. துரை இதையெல்லாம் அன்னைக்கே உங்ககிட்ட எழுதிக் கொடுத்தாருல்லா?"

குத்தாலிங்கம் அவசரமாக மூடியைச் சாத்தினார். மெக்கானிக்கை மில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சுடலையாண்டி நாளை எண்ணிப் பார்த்தான். ஆச்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் வைத்தியம் பாக்கி. நாளையிலிருந்து நடக்க வேண்டும். பாதி ஆறிய மூட்டு அத்தனை தூரம் தாங்காது.

"அப்ப நாளையிலிருந்து வண்டியை எடுக்க வேண்டாமா மொதலாளி?" என்று மெல்லக் கேட்டான்.

"ஏன்? ஆறு மணிக்கு எடு."

"மெக்கானிக் ஓட்டக் கூடாதுன்னு சொல்லுதாரே. இன்னும் பன்னிரண்டு நாள் தாங்குமோ என்னவோ."

"தாங்கும். அதுக்குப் பிறகு பேட்டரி செத்தாலும் சரிதான்."

குத்தாலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அக்காகிட்ட மூச்சு விட்டுராதலே. இறங்கி நடந்துருவா."