நாற்பதாவது காலை

வெள்ளம் குட்டியை அடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்தத் தாய்க்குரங்கால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கரையில் கண்மூடிப் படுத்திருந்த எருமையிடம் போய், "எனக்கும் இப்படி இருக்கக் கற்றுக்கொடு, அக்கா" என்று அழுதது.

"தினமும் விடிந்ததும் வந்து என் பக்கத்தில் உட்கார். மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் கவனி. மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வா" என்றது எருமை.

முதல் நாள் மூன்று மூச்சுக்குள் மனசு ஆற்றுக்கு ஓடிவிட்டது. ஆனாலும் குரங்கு மழையிலும் பனியிலும் தவறாமல் வந்தது. மூன்று மூச்சு பத்தாயிற்று, பத்து ஐம்பதாயிற்று. நாற்பதாவது காலை அது கண்ணைத் திறந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

குரங்கு பதறியது. "இவ்வளவு நேரம் என் பிள்ளையை நான் நினைக்கவே இல்லையே, அக்கா!"

"அப்படித்தான் மெல்ல மெல்ல ஆறும். எனக்கும் ஒரு கன்று இருந்தது. சேற்றில் சிக்கிச் செத்துப்போனது."

"அதன் முகம் எப்படி இருக்கும்?"

எருமை அசைபோடுவதை நிறுத்தி வெகுநேரம் யோசித்தது.

"ஞாபகம் இல்லையே" என்றது.

மறுநாள் விடிந்தும் குரங்கு மரத்தைவிட்டு இறங்கவில்லை. கண்ணை மூடவே அதற்குப் பயமாக இருந்தது.