சத்தம் வரும்வரை

எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

மனைவியின் கணினியைத் தரையில் படுக்கவைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினான்.

உள்ளே இரண்டு ரேம், நினைவகப் பட்டைகள். ஒன்று அவள் பொருத்தியது. மற்றது, வீடியோ எடிட் செய்யும்போது திணறுகிறதென்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அவன் வாங்கிப் போட்டது. எட்டும் எட்டும் பதினாறு ஜிபி. கணினியோ எட்டுதான் என்று சாதித்தது.

அவள் வரவில்லை. கணினி அப்படியே கிடந்தது. இன்றைக்குத்தான் தொடுகிறான்.

புதிய ரேமைக் கழற்றி, முனையை ரப்பரால் தேய்த்து, ஊதி, செருகி, கணினியைப் போட்டுப் பார்த்தான்.

எட்டு.

அணைத்துவிட்டு மறுபடி குனிந்தபோது செல்பேசி அடித்தது. அத்தை, அவளுடைய அம்மா. ஒரு காலைகூடத் தவறியதில்லை. ஸ்பீக்கரில் போட்டான்.

“சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை? ஆச்சுன்னு கதை விடாதீங்க.” பிறகு வழக்கம்போலக் குரல் இறங்கியது. “ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப அவ என்னதான் சொன்னா? யோசிச்சுப் பாருங்களேன்.”

அதுதான் பிடிபடவில்லை. நினைவில் அவள் வாய் அசைவது தெரிகிறது, சத்தமில்லை. அழகாக எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். இந்த அம்மாளிடம் மனசு வரவில்லை.

ரேமின் இரு முனைகளிலும் கட்டைவிரல்களை வைத்தான். அழுத்தியதும் அடியிலிருந்த மின்பலகை லேசாக வளைந்தது. இதுவரை ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் கையை எடுத்திருக்கிறான். இன்று, பதில் தெரியாத ஆற்றாமையில், அழுத்திவிட்டான்.

டக்.

மறுபக்கமும், டக்.

இந்தச் சத்தத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கணினியைப் போட்டான். பதினாறு.

ஆஸ்பத்திரி வராந்தா. தள்ளுவண்டியில் அவள். கூடவே ஓடிக்கொண்டு, பயத்தில் வேறெதுவும் வாயில் வராமல், பாதி ரேம் காட்டாத கதையை இவன் உளறுகிறான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அத்தை, ஞாபகம் வந்துடுச்சு. நல்லவேளை, விடாம கேட்டீங்க.”

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்:

“டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துடா, பயந்தாங்கொள்ளி. உடைஞ்சா நான் வந்து பாத்துக்கறேன்.”