வாய்தா என்றால் என்ன?

சட்டக் கல்லூரி அரங்கத்தில் உட்கார இடமில்லை. மேடையில் மூத்த வக்கீல் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"வாய்தான்னா வழக்கைத் தள்ளிப்போடுறதுன்னுதானே நினைக்கிறீங்க? அரபியில பிறந்து, உருது வழியா நம்மகிட்ட வந்த சொல் அது. முதல் அர்த்தம் என்ன தெரியுமா? வாக்குறுதி! வாக்கா வந்த சொல்லை நாமதான் சாக்கா ஆக்கிட்டோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது, கடைசி வரிசையில் விசும்பல் கேட்டது.

பேக்கரிச் சீருடையில் ஒரு பெண். பேராசிரியர் பதறி ஓடினார்.

"ஏம்மா, இது மாணவர்களுக்கான கூட்டம். யார் உங்களை உள்ள விட்டது? முதல்ல வெளிய போங்க."

"விடுங்க சார்!" மேடையிலிருந்து வக்கீலின் குரல். "நான் சொன்னது அவங்களுக்குத்தான் உறைச்சிருக்கு. மைக்கை அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்தார்கள்.

"என்ன கேஸும்மா?"

"பொண்ணை என்கிட்ட ஒப்படைக்கச் சொல்லி, சார். அவங்கப்பா தூக்கிட்டுப் போனப்ப அவளுக்கு நாலு வயசு. இப்ப ஏழு. போன மாசம் ரோட்டுல பாத்தேன். 'யாருப்பா இந்த ஆன்ட்டி?'ன்னு அவர்கிட்ட கேக்குறா."

வக்கீல் மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"எத்தனை வாய்தா ஆச்சு?"

"இன்னைக்குக் காலையில வாங்கினதோட பதினேழு."

"எதிர்த்தரப்பு வக்கீல் இழுத்தடிக்கிறாரா?"

"இல்லைங்க. எங்க வக்கீல்தான். அவரை நேர்ல பாத்தே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. எல்லாம் குமாஸ்தாதான்."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா, மாணவர்களே? பெத்தவளைப் பொண்ணுக்கே அடையாளம் தெரியாமப் பண்ணிட்டான் ஒருத்தன்! இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம தொழிலுக்கே கெட்ட பேரு. யாரும்மா அந்த வக்கீல்? பேரைச் சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சும்மா சொல்லுங்க. யாருக்கும் பயப்படாதீங்க, உங்களுக்கு நான் இருக்கேன்."

"நீங்கதாங்க சார்" என்றாள் அவள். "இந்தக் கூட்டத்துல பேசப் போறீங்கன்னு சொல்லித்தான், இன்னைக்கு உங்க குமாஸ்தா வாய்தா வாங்கினாரு."