கதிரையில் ஒரு நித்திரை

மொன்ரியலிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓடி, ரிஷலியூ ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய ஊருக்குக் கணவன் அரியரத்தினத்தை அழைத்து வந்திருந்தாள் கௌரி. கரை நெடுகச் சிலைகள். ஆற்றிலிருந்து எழுந்த மெல்லிய பனிப்புகாரில் அவை மிதப்பதுபோல் இருந்தன.

"இதைப் பார்க்கவோ என்ர லீவு நாளில இழுத்துக்கொண்டு வந்தனீர்?" என்றான்.

"இன்னும் கொஞ்சத் தூரம் நடவுங்கோ."

இரும்புக் குதிரையையும் கண்ணாடி மீன்களையும் கொட்டாவியோடு கடந்தவன், ஒரு மரத்தடியில் நின்றுவிட்டான். சீமெந்தில் ஒரு மனிதன். காலில் இருந்த வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வாய் சற்றே திறந்திருக்க, கதிரையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் அரியரத்தினம் குரலைத் தாழ்த்தினான்.

"பாவம், நல்லாக் களைச்சுப்போன மனுசன். செய்த ஆளுக்கு இவனில நல்ல அன்பு, பட்சம் இருந்திருக்கு."

"ஓம்," என்றாள் கௌரி.

நாயோடு அவ்வழியே வந்த ஒரு பெண் சிலையைப் பார்த்தாள், அரியரத்தினத்தைப் பார்த்தாள், "பொன்ஜூர், மிஸ்யூ!" என்று முகம் மலரச் சிரித்துவிட்டுப் போனாள்.

"ஏன் சிரிக்கிறா?"

கௌரி சிலையின் காலடியில் இருந்த பலகையைக் காட்டினாள். செய்தவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

"அப்ப, நீர் சனிக்கிழமையில போறன் எண்டு சொன்ன பிரெஞ்சு வகுப்பு?"

"வகுப்புத்தான். ஆனா பிரெஞ்சு இல்லை."

"இது... நானோ?"

"உங்கட நித்திரையை நீங்கள் எங்க கண்டனீங்கள்? பதினெட்டு வருசமா நான்தானே பார்க்கிறன்."

அவன் குனிந்து சீமெந்துச் சப்பாத்தைத் தடவினான்.

"வாயை எண்டாலும் மூடி விட்டிருக்கலாம்," என்றான் கடைசியில். கை இன்னும் அந்தச் சப்பாத்தில்தான் இருந்தது.