இடுப்பு வலிக்கு ஒத்தடம்

தென்கோடியில் ஒரு பனிமலை தன் நாக்கைக் கடல்மேல் நீட்டி வைத்திருந்தது. அடி மலையோடு ஒட்டியிருக்க, நுனி தண்ணீரில் மிதந்தது. கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒட்டிய இடத்தில் நாக்குக்கு இடுப்பு வலிக்கும். நாக்குக்கு ஏது இடுப்பு என்று கேட்காதீர்கள். வலி வந்தால் யாருக்கும் இடுப்பு வந்துவிடும்.

"வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டுமா, கண்ணு?" என்று அடியிலிருந்து கடல் கேட்டது. குரலில் அப்படி ஒரு குழைவு!

"கொடு அத்தை, உயிர் போகிறது."

எதிரே தரைதட்டி நின்ற பனிப்பாறை, "வேண்டாம்டா, வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும்" என்றது.

"போடா, போக்கிடம் இல்லாதவனே! உனக்கு இடுப்பு வலித்தால் தெரியும்."

"எனக்கு இப்போது எங்கேயுமே வலிப்பதில்லை" என்றது பனிப்பாறை.

நாக்குக்கு ஏனோ உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஒத்தடம் சுகமாக இருந்ததே! நாக்குக்குக் கீழே இருட்டில் கடல் இதமாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஒரு காலையில் 'சடக்'கென்று சத்தம். வலி போன இடம் தெரியவில்லை.

"அத்தை, சரியாகிவிட்டது!" என்று நாக்கு கூவியது. கடல் வாயே திறக்கவில்லை.

அம்மாவிடமாவது சொல்வோம் என்று நாக்கு மலையைத் திரும்பிப் பார்த்தது. மலை நகர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, நில்லு! என்னை விட்டுவிட்டு எங்கே போகிறாய்?"

மலை சிறுத்துக்கொண்டே போயிற்று. நாக்கு போய் அந்தப் பனிப்பாறைமேல் இடித்தது.

"கத்தாதேடா," என்றது பனிப்பாறை. "எனக்கும் அவள்தான் அம்மா."