எல்லாரும் அங்கிள்தான்

பெங்களூர் ஈஜிபுராவில் பிரிஸில்லா மிஸ்ஸிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கால் சென்டர் கனவோடு வரும் இளசுகள். ஆம்ப்ரோஸும் டோரதியும் அந்த ரகமில்லை. இருவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. மர்பி டவுனிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள்.

“அங்கேயே தெருவுக்குத் தெரு கிளாஸ் இருக்கே?” என்றாள் மிஸ்.

“இருக்கு மிஸ். ஆனா அங்க எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிங்க. இந்த வயசுல ஏபிசிடியான்னு மானத்த வாங்கிடுவாங்க,” என்றார் ஆம்ப்ரோஸ். “எங்களுக்கு ஜாஸ்தி வேணாம். குடும்பப் பாடம் மட்டும் போதும். ஆஸ்திரேலியாலேந்து டேரில் வர்றான். என் பிரதர் பையன். தமிழ் சுத்தமா வராது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்ததே இல்ல.”

“எதுக்கு வர்றாராம்?”

“அவங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. வீட்டு விஷயமா பேசணுமாம்.”

மிஸ்ஸுக்கு மூக்கில் வேர்த்தது. ஊரில் நடக்கும் அத்தனை மோசடிகளையும் போனில் பார்த்துவிட்டுத்தான் அவள் காலையில் காபியே குடிப்பாள். முகம் தெரியாத சொந்தக்காரன், வெளிநாடு, விவரம் தெரியாத வயதான ஜோடி, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு வீடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

“சார், இவன் ஃப்ராடேதான். வீட்ட எழுதி வாங்கிட்டு உங்களத் தெருவுல விட்டுடுவான். எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?”

“அய்யய்யோ, போலீஸெல்லாம் வேணாம் மிஸ்!” ஆம்ப்ரோஸ் பதறிப்போனார். “குடும்ப விஷயம். வெளியில தெரிஞ்சா அசிங்கம்.”

இவ்வளவு வெள்ளந்தியா என்று மிஸ் உருகிப்போனாள். ஃபீஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்து, சமாளித்துக்கொண்டாள்.

பாடம் தொடங்கியது.

“நம்ம ஆளுங்க பண்ற முதல் தப்பே கசின் பிரதர், கசின் சிஸ்டர்னு சொல்றதுதான். கசின், அவ்ளோதான். அண்ணன், தம்பி ரெண்டும் பிரதர். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் அங்கிள்தான். நம்மாளு மாதிரி எந்த வழியில, என்ன முறைன்னு இங்கிலீஷ்காரன் நோண்ட மாட்டான்.”

“மேல எதுவுமே கேக்க மாட்டானா?”

“மாட்டான்.”

“ரொம்ப நல்ல பாஷை மிஸ்,” என்றார் ஆம்ப்ரோஸ் மனமார.

“சரி, டேரிலோட அப்பா உங்களுக்கு அண்ணனா, தம்பியா?”

ஆம்ப்ரோஸ் டோரதியைப் பார்த்தார். டோரதி மின்விசிறியைப் பார்த்தாள்.

“பிரதர், மிஸ்.”

“வெரி குட்!” என்று மிஸ் கைதட்டினாள். இந்த வயதில் மனிதர் இங்கிலீஷிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டாரே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

டேரில் வந்த ஞாயிற்றுக்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்று அவர்கள் எவ்வளவோ சொல்லியும் மிஸ் மர்பி டவுனுக்குப் போய்விட்டாள். மொழிபெயர்க்க என்று வெளியில் சொன்னாள். மோசடிக்காரனைக் கையும் களவுமாகப் பிடிப்பதாக உள்ளுக்குள் திட்டம்.

பையன் நெடுநெடுவென்று இருந்தான். “அங்கிள்!” என்று ஆம்ப்ரோஸைக் கட்டிக்கொண்டான்.

“மை பிரதர் வாஸ் டால். ஹி வாஸ் கைண்ட். வி வேர் எ ஹேப்பி ஃபேமிலி,” என்று ஆம்ப்ரோஸ் மூச்சு விடாமல் ஒப்பித்தார். டேரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் சின்ன வயதுப் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

“ஹெவி ரெயின். ஆல் கான்,” என்றாள் டோரதி.

மிஸ் விடவில்லை. உன் பாட்டி பெயர் என்ன, தாத்தா எங்கே வேலை பார்த்தார், அவரை எந்தக் கல்லறையில் புதைத்தார்கள் என்று இங்கிலீஷில் குடைந்து எடுத்தாள். பாட்டி எமிலியா, தாத்தா ரயில்வே, கல்லறை கல்பள்ளி என்று டேரில் தடுமாறாமல் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் மிஸ் திரும்பி, “கரெக்டா சார்?” என்றாள்.

“கரெக்ட் மிஸ், கரெக்ட்.”

கடைசியில் டேரில் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்தது மூலப்பத்திரம். அந்தக் காலத்தில் அவன் அப்பா தாத்தாவோடு சண்டை போட்டு, வீட்டுப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். சாகிற வரைக்கும் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்ததாம். “என் பங்கு எனக்கு வேண்டாம். வீடு முழுக்க அங்கிளுக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்,” என்று இங்கிலீஷில் சொல்லி, எல்லாவற்றையும் ஆம்ப்ரோஸின் கையில் வைத்தான்.

டோரதி ஓவென்று அழுதாள். இப்படிப்பட்ட தங்கமான பிள்ளையைப் போய்த் திருடன் என்று நினைத்தோமே என்று மிஸ்ஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனிடம் ஸாரி கேட்டாள், செல்ஃபி எடுத்துக்கொண்டாள், அவன் டாக்ஸியிலேயே ஏறிக்கொண்டு ஈஜிபுராவுக்குக் கிளம்பினாள். டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்று கையாட்டினார்கள்.

“போதும் ஆட்னது, உள்ள வா சின்னத்தாயி,” என்று டோரதியை இழுத்துக்கொண்டு, போன வருஷம் பிள்ளைகுட்டி இல்லாமல் கண்ணை மூடிய வீட்டு ஓனர் ஆம்ப்ரோஸின் வீட்டுக்குள் நுழைந்தான், அங்கே வாடகைக்குக் குடியிருந்த அசோகன்.