தே தாரிக் வழக்கு

தே தாரிக் எனும் நுரை பொங்கும் டீயை ஆற்றும் இயந்திரத்தின் காப்புரிமைக்காக, செனாய் ஊரிலுள்ள நவ்சாத்தின் கம்பெனியும் மஜீதாவின் கம்பெனியும் ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டின.

"என் டிசைன திருடிட்டாரு!" என்று கேமராக்கள் முன் பொரிந்து தள்ளினாள் மஜீதா.

"கோர்ட்டு தடை போட்டாலும் விப்பேன் லா!" என்று நவ்சாத் எகிறினான்.

செய்தி பரவப் பரவ, மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இருவரின் இயந்திரங்களையும் போட்டி போட்டு வாங்கினார்கள்.

கடுப்பான நீதிபதி, இருவரும் நாளை ஒரே அறையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார்.

நவ்சாத் கணக்குப் போட்டுப் பார்த்தான். வழக்கு முடிந்தால் வியாபாரமும் படுத்துவிடுமே! வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவன் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே மஜீதா சொன்னாள்: "அலமாக்! நேருக்கு நேர் உட்கார வெச்சா எனக்குச் சிரிப்பு வந்துருமேங்க!"